ஆஃப்ரோடு பைக்கில் பெட்ரோல் ஹோஸ்: பாதை மாற்றுவதும் பாதுகாப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், 390 அட்வென்ச்சர் மாதிரியான பைக்குகளைக் காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் பெட்ரோல் விஷயம் என்பதால் ஒரு வரியைக்கூட அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

கம்பெனி போட்ட பாதையை எதற்காக மாற்ற வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு மாற்றவே தேவையில்லை. ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும் பைக்கில் ஹோஸ் (டேங்கிலிருந்து எஞ்சின் பக்கம் பெட்ரோல் கொண்டுபோகும் குழாய்) போகும் வழி யோசித்துப் போடப்பட்டதுதான்.

நாம் எதையாவது சேர்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெரிய டேங்க் போடுகிறோம், ஹேண்டில்பாரை உயர்த்துகிறோம், கிராஷ் கார்டு மாட்டுகிறோம், ஃபாக் லேம்புக்கு வயர் இழுக்கிறோம், சைலன்சரின் பெண்ட் பைப்பை மாற்றுகிறோம். ஹோஸுக்கென்று விட்டிருந்த இடைவெளியை இவற்றில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். டேங்கைக் கழற்றி மாட்டும்போது ஹோஸ் பழைய வழியில் உட்காராமல் போவதும் சகஜம். புதிய பாதை தேடுவதற்கு முன் சர்வீஸ் மேனுவலில் உள்ள படத்தைப் பாருங்கள். பழைய பாதைக்கே திருப்பி வைத்தால் போதும் என்பது அதிலேயே தெரிந்துவிடலாம்.

ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டேங்கைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் பாதிதான் கண்ணில் படும்.

உரசல் ஒரே நாளில் ஓட்டை போடாது. முதலில் ஹோஸின் மேல்தோலில் ஓரிடம் மட்டும் பளபளப்பாகும், மற்ற இடமெல்லாம் மங்கலான கறுப்பாகவே இருக்கும். அடுத்து அந்த இடம் சொரசொரப்பாகி, விரலால் தேய்த்தால் கறுப்புத் தூள் ஒட்டும். அதற்கும் அடுத்த நிலையில் ரப்பருக்குள் இருக்கும் நூல் பின்னல் வெள்ளையாகத் தலைகாட்டும். நூல் தெரிந்துவிட்டால் அந்த ஹோஸை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். டேப் சுற்றி ஓட்டலாம் என்ற பேச்சே வேண்டாம்.

தார் ரோட்டில் ஐந்து வருடம் ஆகிற தேய்மானம் காட்டுப் பாதையில் ஒரே சீசனில் ஆகிவிடும். காரணம் சேறு. ஹோஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஈர மண் புகுந்து காய்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். எஞ்சின் அதிர்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்டீயரிங் ஹெட்டுக்குப் பின்னால் வெல்டிங் செய்த தகட்டு ஓரம், டேங்கின் அடிப்பக்கம் சேஸிஸ் குழாயை நெருங்கும் இடம், எஞ்சின் மவுன்ட் போல்டின் நுனி, ஆக்சிலரேட்டர் கேபிள் குறுக்கே வரும் இடம், மோனோஷாக் (பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர்) பக்கம் ஏதாவது ஹோஸ் போனால் அதன் ஸ்பிரிங். ஹேண்டிலை இடமும் வலமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, சஸ்பென்ஷனை அமுக்கச் சொல்லியும் பாருங்கள். நிறுத்தி வைத்த பைக்கில் தொடாத ஹோஸ், பள்ளத்தில் இறங்கும்போது தொடும்.

கார்புரேட்டர் பைக், எஃப்.ஐ. (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) பைக் இரண்டுக்கும் வேலை ஒன்றுதானா?

இல்லை. வித்தியாசம் புரியாமல் கை வைக்கக் கூடாது.

கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோல் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. அழுத்தம் ஒரு பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கிளாம்ப் தளர்ந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகும். ஆனால் அழுத்தம் இவ்வளவு குறைவு என்பதாலேயே பாதை விஷயத்தில் இது கறாரானது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஹோஸ் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மேடு விழுந்தால் அங்கே ஆவி தேங்கிப் பெட்ரோலை மறித்துவிடும்.

எஃப்.ஐ. பைக்கில் டேங்குக்குள் இருக்கும் பம்ப், பெரும்பாலும் 3 பார் அளவு அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. மேடு பள்ளம் இதற்குப் பெரிய பொருட்டில்லை. ஆனால் ஊசிமுனை ஓட்டை விழுந்தால்கூட பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அது பெண்ட் பைப் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

2016-இல் வந்த முதல் ஹிமாலயன் கார்புரேட்டர் பைக். 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 இரண்டு வகையிலும் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு இந்த வகைப் பைக்குகளெல்லாம் எஃப்.ஐ. ஆகிவிட்டன. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் முதலில் தங்களுடையது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த ஹோஸ் வாங்க வேண்டும்?

ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஒன்றும் அச்சடிக்காத கறுப்பு ட்யூபை, மீட்டர் என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.

எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்ற தரக் குறியீடு இருந்தால் அது குறைந்த அழுத்தத்துக்கானது, கார்புரேட்டர் பைக்குக்குப் போதும். எஃப்.ஐ. பைக்குக்கு 30ஆர்9 வேண்டும். அது 100 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 7 பார் வரை தாங்கும். உள் அடுக்கு ஃப்ளூரோ ரப்பரால் ஆனது. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு இரண்டுமே சரிப்படாது. அதற்கு 30ஆர்10 என்று தனி வகை உண்டு, விலையும் அதிகம். வெளியில் போடும் ஹோஸை டேங்குக்குள் போட்டால் மேல்தோல் பெட்ரோலில் ஊறிக் கரைந்து பம்ப் வடிகட்டியை அடைக்கும்.

எத்தனாலையும் கணக்கில் எடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது அதுதான். பழைய ரப்பர் கலவைகள் எத்தனாலில் உப்பி மென்மையாகும், காய்ந்ததும் விறைத்து விரிசல் விடும். 2023-க்கு முந்தைய பைக் என்றால், பாதையை மாற்றும் வேலையோடு சேர்த்து ஹோஸையும் ஓ-ரிங்குகளையும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

சிலிக்கான் ஹோஸ் போடலாமா? உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப்?

சிலிக்கான் கூடாது. கூலன்ட்டுக்கு அது அருமையான பொருள், பெட்ரோலில் ஊறி உப்பும். பி.வி.சி. ட்யூப் சில மாதங்களில் விறைத்துக் குச்சியாகிவிடும். மோட்டோகிராஸ் பைக்குகளில் பார்க்கும் நிற ட்யூப் பாலியூரித்தேன். கார்புரேட்டருக்கு மட்டும் போடலாம், மஞ்சளித்து விறைத்ததும் மாற்றிவிட வேண்டும்.

புதிய பாதையை எப்படித் தீர்மானிப்பது?

உறை, டேப், ஸ்பிரிங் இதெல்லாம் பிறகு. பாதை சரியாக இருந்தால் பாதுகாப்பில் முக்கால்வாசி முடிந்தது. தப்பான பாதையில் போகும் ஹோஸுக்கு எவ்வளவு விலை உயர்ந்த உறை போட்டாலும் தேய்மானம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

பைக் கீழே விழும் என்று வைத்துக்கொண்டே யோசியுங்கள், காட்டுப் பாதையில் விழாமல் இருக்கப்போவதில்லை. பைக்கை மனசுக்குள் இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், பிறகு வலப்பக்கம். தரையையோ பாறையையோ முதலில் தொடப்போவது எது? கிராஷ் கார்டு, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் நுனி இவைதான் தொட வேண்டும். ஹோஸும் அதன் கனெக்டரும் சேஸிஸ் குழாய்களுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். டேங்கின் அடியில் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு), கனெக்டர் இரண்டும்தான் முதலில் உடையும். முடிந்தால் கோண வடிவ முனை போட்டு உள்பக்கம் திருப்புங்கள். முடியாவிட்டால் கிராஷ் கார்டிலிருந்து ஒரு சிறு தகடு வெல்டு செய்து மறைப்புக் கொடுங்கள்.

டேங்க் ரப்பர் புஷ்ஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் தன் மவுன்ட்டில் அதிர்கிறது. இரண்டும் ஒன்றாக அசைவதில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவில் போகும் ஹோஸில் கொஞ்சம் தளர்வு வேண்டும். நேராக இழுத்துக் கட்டினால் விழும்போது டேங்க் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் முனை பிடுங்கிக்கொள்ளும். அதிகம் தளர்த்தினால் தொங்கி வேறெங்கோ உரசும். டேங்கின் பின்பக்கத்தைக் கையளவு தூக்கினால் இழுபடாமலும், கீழே வைத்தால் மடங்காமலும் இருக்கிற நீளமே சரியான நீளம்.

வளைவைப் பெரிதாக விடுங்கள். 6 மி.மீ. ரப்பர் ஹோஸை 7, 8 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள். இடமில்லை என்றால் 90 டிகிரி உலோக முனை வாங்கிப் போடுங்கள். வெட்டுவதற்கு முன் பழைய ஹோஸ் துண்டையோ ஒரு கயிறையோ அந்த வழியில் விட்டு, டேங்கை மாட்டி, ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். புது ஹோஸைக் குட்டையாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டு வீண்தான்.

ரப்பர் உள்பூச்சு உள்ள பி-கிளிப்பால் சேஸிஸோடு பிடித்து வையுங்கள். ஜிப் டை மட்டும் போட்டால் அதன் ஓரமே காலப்போக்கில் ரப்பரை அறுக்கும். வேறு வழியில்லை என்றால் முதலில் ஒரு ரப்பர் துண்டைச் சுற்றி, அதன் மேல் டையைப் போடுங்கள். ஹோஸ் நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பேட்டரி கேபிளோடும் ஹாரன் வயரோடும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுவதைப் பல ஒர்க்‌ஷாப்களில் பார்க்கலாம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உரசி வயர் வெளியே வந்தால் தீப்பொறியும் பெட்ரோலும் ஒரே இடத்தில் சேரும்.

சூட்டிலிருந்து எப்படிக் காப்பது?

முதலில் தூரம். பெண்ட் பைப்பிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், 10 கிடைத்தால் நல்லது.

தூரம் கிடைக்காத இடத்தில் சிலிக்கான் பூசிய கண்ணாடியிழை உறை போடலாம். அது 260 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். வெளியே உறையாகப் போடுவதால் சிலிக்கானுக்கு இங்கே பிரச்சினை இல்லை. அலுமினியம் பூசிய பளபள உறை, வருகிற வெப்பத்தைத் திருப்பி அனுப்பிதான் காக்கிறது. அதற்கும் பைப்புக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும், ஒட்டி வைத்தால் பயனில்லை.

மலையில் சூட்டுப் பிரச்சினை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் உதவுவது உண்மைதான். ஆனால் 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். லடாக்கின் கணவாய்களில் முதல் கியரில் ஏறி, எஞ்சின் கொதிக்க நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்தால் திணறும் கார்புரேட்டர் பைக்கில் ஹோஸ் சிலிண்டர் ஹெட்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

உரசலுக்கு சைக்கிள் ட்யூபைச் சுற்றலாமா?

அவசரத்துக்குச் சுற்றலாம், நிரந்தரமாக வேண்டாம். பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். அதைவிட மோசம், உள்ளே கசிவு இருந்தால் மறைத்துவிடும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் நைலான் ஸ்பைரல் ராப் மலிவு, இடைவெளி வழியே ஹோஸும் தெரியும். உரசும் இடத்தில் மட்டும் 10 சென்டிமீட்டர் போட்டால் போதும். உள்ளே மண் சேரும், கழுவும்போது தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

எந்த கிளாம்ப்?

கார்புரேட்டருக்கு ஸ்பிரிங் கிளாம்ப் நல்லது. ரப்பர் சுருங்கினாலும் தானே இறுகிப் பிடிக்கும். எஃப்.ஐ.க்கு ஓரங்கள் மடித்த, சிறு போல்டு வைத்த ஃப்யூல் இன்ஜெக்ஷன் கிளாம்ப்தான் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் துளைபோட்ட கிளாம்பை இறுக்கினால் அந்தத் துளைகளுக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும்.

அளவையும் பாருங்கள். 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸின் வெளிவிட்டம் 13, 14 மி.மீ. இருக்கும், 13–15 அளவு கிளாம்ப் எடுங்கள். முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி கிளாம்ப் உட்கார வேண்டும். ஹோஸ் நுனியிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி இறுக்குங்கள். ஹோஸ் நுனியைப் பிளேடால் நேராக வெட்டுங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் ரப்பர் துணுக்குகள் உள்ளே போய் இன்ஜெக்டரில் உட்காரும்.

என் பைக்கில் ரப்பர் இல்லை, விறைப்பான நைலான் லைன் இருக்கிறது. வெட்டி ஒட்டலாமா?

கூடாது. நைலான் லைன் மேல் சாதாரண கிளாம்ப் போட்டால் கசிவு நிற்காது. ஒரு முறை மடிந்துவிட்டாலும் அந்த லைன் முடிந்தது. பாதையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் முழு லைனையும் எடுத்துவிட்டு, இரு பக்கமும் அதே அளவு குயிக் கனெக்டர் (அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் இணைப்பு) வைத்த 30ஆர்9 ஹோஸைப் போடுங்கள்.

குயிக் கனெக்டரை மாட்டும்போது ஓ-ரிங்கில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவுங்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்த பிறகு பின்னால் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. பல கனெக்டர்களில் நிறம் வேறான ஒரு சிறு பூட்டு இருக்கும். முனை முழுசாக உள்ளே போனால்தான் அந்தப் பூட்டு அமுங்கும். அமுங்கவில்லை என்றால் ஓ-ரிங் மடிந்திருக்கும் அல்லது மண் துகள் இருக்கும். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள், பலத்தால் அமுக்காதீர்கள். பிளாஸ்டிக் கனெக்டர் வயதானால் விரிசல் விடும். தூரப் பயணம் போகிறவர்கள் உலோகக் கனெக்டருக்கு மாறுவது நல்ல முடிவு.

காற்றுக் குழாய்களையும் (வென்ட்) பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பெட்ரோல் ஹோஸைப் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு வென்ட் ட்யூபைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

டேங்கின் வென்ட் டேங்குக்கு அடியில் நசுங்கினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். பைக் 15, 20 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு முட்டி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், உடனே ஸ்டார்ட் ஆகும். இந்த அறிகுறி இருந்தால் பம்பை மாற்றச் செலவு செய்யாதீர்கள், ட்யூபைத் தேடுங்கள். பி.எஸ். 6 பைக்குகளில் இந்தக் காற்று, ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா வழியாகப் போகிறது. அதற்குப் போகும் ட்யூப்களை இடம் மாற்றி மாட்டிவிடக் கூடாது. கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் பைக்கில் ஆற்றைக் கடக்கிறவர்களுக்கு இன்னொன்று. கார்புரேட்டர் கிண்ணம் காற்றை இழுக்கும் வென்ட் ட்யூப்கள் எஞ்சினுக்கு அடியில் தொங்கும். அவை நீரில் மூழ்கினால் கிண்ணத்துக்குக் காற்று கிடைக்காது, பெட்ரோல் ஜெட் வழியே ஏறாது, நடு ஆற்றில் எஞ்சின் அணைந்துவிடும். மணாலி–லே சாலையில் காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலாவில் (சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடை) பனி உருகிப் பிற்பகலில் முழங்கால் அளவு வரும். ஏர் ஃபில்டர் நனையாமலே பைக் அணைவதற்கு இது ஒரு காரணம்.

தீர்வு மலிவானது. வென்ட் ட்யூபைக் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வெட்டி ஒரு டி-ஜாயின்ட் செருகுங்கள். ஒரு கிளை பழையபடி கீழே போகட்டும். இன்னொரு கிளையை மேலே ஏற்றி டேங்குக்கு அடியில் விடுங்கள். கீழே நீர் அடைத்தாலும் மேலே காற்று கிடைக்கும். மேல் நுனியைச் சாய்வாக வெட்டினால் எதன் மேலாவது ஒட்டினாலும் அடைபடாது. கிண்ணத்தின் அடியிலிருந்து வரும் ஓவர்ஃப்ளோ ட்யூபை மட்டும் தொடாதீர்கள். வழியும் பெட்ரோல் வெளியே போவது அதன் வழியாகத்தான், அது கீழ்நோக்கியே இருக்க வேண்டும்.

நடுவில் தனியாக ஒரு ஃபில்டர் போடலாமா?

கார்புரேட்டர் பைக்கில் போடலாம், இறங்கும் பாதையில், பெரிய துளையுள்ள வகை. எஃப்.ஐ. பைக்கில் பிளாஸ்டிக் ஃபில்டர் வேண்டவே வேண்டாம், அழுத்தம் தாங்காது. கேனிலிருந்து ஊற்றுகிறீர்களா? டேங்க் வாயிலேயே வடிகட்டி ஊற்றுங்கள்.

கூடுதல் டேங்க் வைத்தால் சட்டச் சிக்கல் வருமா? வாரண்டி?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அதே தரத்தில் புது ஹோஸ் போடுவது பழுதுபார்ப்பு. இரண்டாவது டேங்கை வெல்டு செய்து மாட்டுவதை அப்படிச் சொல்ல முடியாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாரண்டி உள்ள பைக்கில் வேலையை சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தூரத்தில் இருக்கும் அடுப்பையும் எட்டும். பவுடர் வகைத் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஃப்.ஐ. பைக்கில் முதலில் அழுத்தத்தை இறக்குங்கள். பம்ப் கனெக்டரையோ ஃப்யூஸையோ கழற்றி, ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். எஞ்சின் மறுபடி ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் கனெக்டரைத் துணி சுற்றியே திறக்க வேண்டும். கண்ணாடி அணியுங்கள்.

வேலை முடிந்ததும் கசிவை எப்படிச் சோதிப்பது?

எஃப்.ஐ. பைக்கில் சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். ஸ்டார்ட் செய்யாமல் மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பி, எஞ்சின் சூடாகும்வரை விட்டு, மறுபடி ஒற்றுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மோசமான மண் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து மூன்றாவது முறை பாருங்கள். ரப்பர் ஒரு முறை சூடாகி ஆறியதும் கொஞ்சம் அமுங்கும், அப்போது போல்டு கிளாம்பை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

காட்டுக்குள் ஹோஸ் அறுந்தால்?

30 சென்டிமீட்டர் 30ஆர்9 ஹோஸ், நான்கு கிளாம்ப், இரு பக்கமும் செருகும் ஒரு உலோக ஜாயின்ட், ஒரு குயிக் கனெக்டர், சில ஓ-ரிங், சின்ன ஸ்க்ரூடிரைவர், ஒரு பிளேடு. எல்லாம் ஒரு கைப்பைக்குள் அடங்கும், சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். ரப்பர் ஹோஸ் அறுந்தால் கெட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஜாயின்ட் செருகி இரு பக்கமும் கிளாம்ப் போட்டால் வீடு வந்து சேரலாம். எஃப்.ஐ. ஹோஸில் எந்த டேப்பும் நிற்காது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரும்பு டேங்கில் கல் பட்டு ஊசித்துளை விழுந்து கசிந்தால் துணி துவைக்கும் சோப்புக் கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, சில மணி நேரம் தாங்கும். மழையிலோ ஆற்றிலோ நனைந்தால் போய்விடும், மறுபடி தேய்க்க வேண்டும். ஊருக்கு வந்ததும் டேங்கைக் கழற்றி, பெட்ரோல் ஆவி துளியும் இல்லாமல் சுத்தம் செய்து வெல்டு வைக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.